பன்னிக்கும் கோழிக்கும் ஒரே கலவை, நாலு பாக்கெட் மருந்து வேற. ஆனாலும் செரிக்கல, எங்கே தப்பு?

கொழிஞ்சாம்பாறை பண்ணை:

வணக்கம்ங்க. கொழிஞ்சாம்பாறை – வேலந்தாவளம் ரோட்டுப் பக்கம் பண்ணை. 30லிருந்து 60 கிலோ வரைக்கும் 26 பன்னி, தாய்கிட்ட இருந்து பிரிச்ச குட்டி 14, முட்டைக்கு பிவி 380 கோழி 120. தீவனம் சொந்தமாத்தான் கலக்கறோம். எல்லாத்துக்கும் ஒரே கலவை. 100 கிலோவுக்குக் கணக்கு இது:

மக்காச்சோளம் 38, தவிடு 25, தேங்காய்ப் புண்ணாக்கு 18, சோயா புண்ணாக்கு 12, காய்ஞ்ச மரவள்ளி 3, கிளிஞ்சல் தூள் 3, டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்) அரை கிலோ, உப்பு 300 கிராம், மினரல் மிக்ஸ் 200 கிராம்.

இதுக்கு மேல கடையில கொடுத்தது மல்டி என்சைம் 50 கிராம், அசிடிஃபையர் (அமில மருந்து) 300 கிராம், புரோபயாடிக் (நல்ல நுண்ணுயிர்) 50 கிராம், டாக்சின் பைண்டர் (பூஞ்சை நஞ்சைப் பிடிக்கிறது) 100 கிராம். பன்னிக்குப் போறதை மட்டும் டிரம்ல தண்ணி ஊத்திக் கொதிக்க வெச்சு, பாக்கெட் எல்லாத்தையும் அதுலயே போட்டுக் கிளறி, ஆறினதும் ஊத்தறோம். என்சைம் இருந்தா டிசிபி பாதி போதும்னு சொன்னாங்க, அதனால ஒரு கிலோவை அரைக் கிலோவாக் குறைச்சோம்.

இப்போ பிரச்சினை. பன்னிச் சாணியில சோளத் துண்டு அப்படியே தெரியுது. வளர்ச்சி மந்தம். ஏழெட்டுப் பன்னிக்கு பின்னங்கால்லயும் அடிவயித்துலயும் தோல் தடிச்சு, செதில் செதிலா வெடிச்சிருக்கு. சொறின்னு நினைச்சு ஐவர்மெக்டின் ரெண்டு தடவை போட்டாச்சு, மாற்றம் இல்ல. ரெண்டு பன்னி எந்திரிக்கவே யோசிக்குது. கோழியில முட்டை ஓடு மெலிசு, டிரேயில வைக்கும்போதே விரிசல் விழுது. பாக்கெட் செலவு மட்டும் ஏறிட்டே போகுது. எதை வெச்சுக்கலாம், எதை நிறுத்தலாம்?

தீவனக் கணக்கு:

அண்ணா, பாக்கெட்டுக்குப் போறதுக்கு முன்னாடி கிளிஞ்சலைப் பாருங்க. நீங்க எழுதினதுல பாதிக்கு மேல காரணம் அந்த 3 கிலோதான்.

கிளிஞ்சல் தூள்ல சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், ஏறக்குறைய 38 சதவீதம். 3 கிலோ போட்டா தீவனத்துல 1.14 சதவீதம். டிசிபி, புண்ணாக்கு எல்லாம் சேர்ந்து 1.3 பக்கம் வந்துடும். வளர்ற பன்னிக்கு வேண்டியது 0.6லிருந்து 0.65. இரண்டு மடங்கு போகுது. அதே 1.3 கோழிக்குப் போதவே போதாது. ஒரு கோழி நாளுக்கு 110 கிராம் தின்னா கிடைக்கிறது 1.4 கிராம் கால்சியம். ஒரு முட்டை ஓட்டுல மட்டும் 2.2 கிராம் இருக்கு, தின்னதுல பாதிதான் உடம்புல ஒட்டும். மிச்சத்தைக் கோழி தன் எலும்புல இருந்து எடுக்குது. ஒரே கலவையில ரெண்டு பேரையும் நடுவுல நிறுத்தினதால ரெண்டு பக்கமும் அடி.

பன்னிக்கு கால்சியம் கூடினா என்ன ஆகும்னு வரிசையாச் சொல்றேன், உங்க பாக்கெட்டுங்க எல்லாம் இதுலதான் மாட்டியிருக்கு.

தவிட்டுலயும் புண்ணாக்குலயும் பாஸ்பரஸ் நிறைய இருக்கு. உங்க கலவையில மொத்தம் 0.75 சதவீதத்துக்கு மேல வருது. ஆனா பெரும்பகுதி ஃபைட்டேட்ங்கிற பூட்டுக்குள்ள இருக்கு. தவிட்டுல பூட்டின பங்கு ரொம்ப அதிகம். பன்னிக்கும் கோழிக்கும் அந்தப் பூட்டைத் திறக்கிற என்சைம் வயித்துல போதுமான அளவு ஊறாது. ஃபைட்டேஸ் போடறது அதுக்குத்தான். கால்சியம் மிஞ்சினா ஃபைட்டேட்டோட சேர்ந்து கரையாத கட்டியா மாறிடும், ஃபைட்டேஸ் போட்டாலும் கடிக்க முடியாது. அந்தக் கட்டி துத்தநாகத்தையும் சேர்த்து இழுத்துக்கும். உங்க பன்னியோட தோலைப் பாதிக்கிறது அதுதான்னு நினைக்கிறேன், அதை டாக்டர் யாராவது உறுதி பண்ணட்டும்.

அடுத்தது அசிடிஃபையர். ரசாயனக் கணக்குல 100 கிராம் கால்சியம் கார்பனேட் 92 கிராம் ஃபார்மிக் அமிலத்தை முறிச்சுடும். 3 கிலோ கிளிஞ்சலுக்கு முன்னாடி 300 கிராம் அமில மருந்து எம்மாத்திரம்? ஒரு கையில போட்டு மறு கையில துடைக்கிற வேலை.

என்சைம் கொதிக்கிற டிரம்ல போனா செத்துப் போச்சு. என்சைமும் ஒரு புரதம்தான். சாதாரண ரகம் 80 – 85 டிகிரியிலேயே பெரும்பாலும் வேலை இழந்துடும், நீங்க 100 டிகிரியில கிளறறீங்க. ஆக, பன்னிக்கு ஃபைட்டேஸும் இல்ல, டிசிபியும் பாதி. எந்திரிக்க யோசிக்கிற அந்த ரெண்டும் இந்தக் கணக்குலதான் விழுந்திருக்கு.

இன்னொண்ணு, இதை எந்த பாக்கெட்டும் சரி பண்ணாது. லைசின் குறைவு, அது புரதத்துல இருக்கிற ஒரு அமினோ அமிலம். கலவையில மொத்த லைசின் 0.67 சதவீதம் பக்கம், செரிக்கக்கூடியது 0.53தான். 50 கிலோவுக்கு மேல போற பன்னிக்கே 0.85 வேணும், 30 கிலோ பன்னிக்கு அதைவிடக் கூட. தேங்காய்ப் புண்ணாக்கை 18 கிலோ போட்டதுதான் இதுக்குக் காரணம். அதுல புரதம் 20 – 22 இருந்தாலும் லைசின் கம்மி. எண்ணெய் ஆட்டற எக்ஸ்பெல்லர்ல சூடு ஏறி கருஞ்சிவப்பா வர்ற புண்ணாக்குல இருக்கிற லைசினும் சர்க்கரையோட ஒட்டிக்கும், எந்த என்சைமும் அதைப் பிரிக்காது. வாங்கும்போது கையில உடைச்சுப் பாருங்க. வெளிர் பழுப்பா, தேங்காய் வாசமா இருந்தா எடுங்க. கருகின வாசம் வந்தா விடுங்க.

நான் போடச் சொல்றது இது. கிளிஞ்சல் இல்லாம ஒரு அடிக்கலவை. மக்காச்சோளம் 42, தவிடு 22, தேங்காய்ப் புண்ணாக்கு 12, சோயா 18, மரவள்ளி 3. இந்த 97 கிலோவோட டிசிபி அரை கிலோ, உப்பு 400 கிராம், எல்-லைசின் 250 கிராம், நல்ல பிரீமிக்ஸ் (விட்டமின், மினரல் கலவை) 500 கிராம், ஃபைட்டேஸ். இதுல இருந்து பன்னிக்கு எடுக்கிறப்போ 100 கிலோவுக்கு 1.2 கிலோ கிளிஞ்சல் மட்டும். கோழிக்கு 90 கிலோ அடிக்கலவைக்கு 10 கிலோ கிளிஞ்சல், டிஎல்-மெத்தியோனின் (இதுவும் ஒரு அமினோ அமிலம்) 120 கிராம். அந்தப் பத்துல மூணுல ரெண்டு பங்கு 2 – 4 மில்லிமீட்டர் குருணையா இருக்கணும், தூளா வேண்டாம். தூள் சீக்கிரம் கரைஞ்சு ஃபைட்டேட்டைப் பிடிக்கும், வேகமா வெளியேயும் போயிடும். குருணை கற்குடல்ல தங்கி, ராத்திரி ஓடு உருவாகிற நேரத்துல மெதுவாக் கரையும். முடிஞ்சா குருணையைச் சாயங்காலத் தீவனத்துல கொடுங்க.

சித்தூர் தாலுகா கால்நடை மருத்துவர்:

தோல் விஷயத்தை மேலே எழுதியவர் சரியான இடத்தில் தொட்டிருக்கிறார். பாராகெரடோசிஸ் என்பார்கள். பன்றியில் இது துத்தநாகக் குறைவால் வருவது என்றும், கால்சியம் கூடினால் முற்றும் என்றும் 1955-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். சொறிக்கும் இதற்கும் வித்தியாசம் பார்க்க மூன்று இடங்களைப் பாருங்கள். சொறி என்றால் பன்றி சுவரில் தேய்த்துக்கொண்டே இருக்கும், காதுக்குள் பழுப்புச் செதில் இருக்கும். இதில் அரிப்பு குறைவு, காது உள்பக்கம் சுத்தமாக இருக்கும், இரண்டு காலிலும் ஒரே மாதிரி, ஒரே உயரத்தில் வெடிப்பு இருக்கும். சந்தேகம் இருந்தால் காதுக்குள்ளிருந்தும் தடித்த இடத்திலிருந்தும் சுரண்டி எடுத்து மிருகாசுபத்திரியில் நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லுங்கள். சொறிப் பூச்சி தெரியவில்லை என்றால் மூன்றாவது ஐவர்மெக்டின் வேண்டாம்.

கிளிஞ்சலைக் குறைத்துவிட்டு 100 கிலோவுக்கு துத்தநாக சல்பேட் மோனோஹைட்ரேட் 28 கிராம் சேருங்கள். அதில் துத்தநாகம் 35 – 36 சதவீதம் இருப்பதால் 10 கிராம் துத்தநாகம் கிடைக்கும், கிலோவுக்கு 100 மில்லிகிராம். உரக்கடை துத்தநாக சல்பேட் பெரும்பாலும் ஹெப்டாஹைட்ரேட், அதில் 21 – 22 சதவீதம்தான். அதிலும் உரத் தரத்தில் காட்மியம், ஈயம் கலந்திருக்கலாம், தீவனத் தரம் கேட்டு வாங்குங்கள். புதிய தோல் வர சில வாரம் பிடிக்கும். வெடித்த இடத்தில் சீழ் இருந்தால் அதற்குத் தனி சிகிச்சை.

எழ யோசிக்கும் இரண்டு பன்றிகளையும் சிமெண்ட் தரையிலிருந்து மாற்றி வைக்கோல் போட்டுத் தனியாக வையுங்கள். மூட்டு வீக்கம், காய்ச்சல் இருக்கிறதா என்று நேரில் பார்க்க வேண்டும். எல்லா நொண்டியும் பாஸ்பரஸ் குறைவு ஆகாது.

அசிடிஃபையரைத் தூக்கி எறிய வேண்டாம், இடம் மாற்றுங்கள். அது பயன்படுவது அந்த 14 குட்டிக்கு. பால் குடிக்கும் குட்டிக்குப் பாலின் சர்க்கரை வயிற்றில் லாக்டிக் அமிலமாகி புளிப்பைக் கொடுக்கிறது. பிரித்த மறுநாளே அது நின்றுவிடும், சொந்த அமிலச் சுரப்போ இன்னும் முழுதாக வரவில்லை. புரதத்தை முதலில் உடைக்கும் பெப்சின் நன்றாக வேலை செய்வது பிஎச் 2 முதல் 3.5 வரை. குட்டியின் வயிறு 4-க்கு மேல் நிற்கும்போது சோயா புரதம் உடையாமல் குடலுக்கு இறங்குகிறது. அதைத் தின்று கிருமி பெருகி வயிற்றுப்போக்கு. பிரித்த நாளிலிருந்து இரண்டு மூன்று வாரத்துக்குக் குட்டித் தீவனத்தில் மட்டும் லேபிள் சொல்லும் அளவு போடுங்கள். அந்தத் தீவனத்தில் 100 கிலோவுக்குக் கிளிஞ்சல் அரை கிலோவுக்கு மேல் போகக் கூடாது, மீதியை டிசிபி கொடுக்கட்டும். பெரிய பன்றிக்கும் கோழிக்கும் தேவையில்லாத செலவு.

புரோபயாடிக் பாக்கெட்டில் எந்த நுண்ணுயிர் என்று பாருங்கள். பேசில்லஸ் வித்து வடிவில் இருப்பதால் ஓரளவு சூடு தாங்கும். லாக்டோபேசில்லஸ் உங்கள் டிரம்மில் ஒன்றுகூட மிஞ்சாது. ஆன்டிபயாடிக் கொடுக்கும் நாட்களிலும் அது வீண். வளர்ச்சிக்கென்று கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கை யாராவது விற்றால் வாங்காதீர்கள், கால்நடைக்கும் கோழிக்கும் 2019-லேயே இந்தியாவில் தடை.

டாக்சின் பைண்டர் செரிமான மருந்தே அல்ல. பெண்டோனைட் களிமண் வகை என்றால் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சை நன்றாகப் பிடிக்கும், மற்ற பூஞ்சை நஞ்சுகளில் பலவற்றைப் பிடிக்காது. ஈரச் சோளத்தை வாங்கிவிட்டு பைண்டரை நம்புவதைவிட, 14 சதவீதத்துக்கு மேல் ஈரம் உள்ள லோடைத் திருப்பி அனுப்புவது நல்லது. இங்கே தென்மேற்கு மழை நேரத்தில் இது ரொம்பவே முக்கியம்.

கேட்காத ஒன்று: டிரம்மில் ஹோட்டல் மிச்சம், கோழிக் கழிவு ஏதாவது போகிறதா?

மில்காரர் கோபாலபுரம்:

சோளத் துண்டு விஷயத்துக்கு மட்டும் வர்றேன். என்சைம் துண்டுக்கு மேலதான் வேலை செய்யும், துண்டுக்குள்ள போகாது. சோளம் பாதியா உடைஞ்சு வந்தா எந்த பாக்கெட்டும் காப்பாத்தாது.

ஒரு சோதனை பண்ணுங்க. காலையில விழுந்த புதுச் சாணி கால் கிலோ எடுத்து, மாவு சலிக்கிற சல்லடையில போட்டு, குழாய்த் தண்ணியில நிதானமாக் கழுவுங்க. மிஞ்சறதை ஒரு வெள்ளைத் தட்டுல கொட்டுங்க. மஞ்சள் தோல் மட்டும் மெலிசா, கண்ணாடி மாதிரி கிடந்தா கவலை இல்ல, அது நார், வரத்தான் செய்யும். தோலுக்குள்ள வெள்ளையா, நகத்தால கிள்ளினா மாவா உதிர்ற துண்டு இருந்தா அது செரிக்காத மாவுச்சத்து. காசு கொடுத்து வாங்கின சோளம் குப்பைக் குழிக்குப் போகுதுன்னு அர்த்தம்.

பன்னிக்கு ஹேமர் மில்லுல 3 மில்லி சல்லடை. கோழிக்கு 6 மில்லி, அதுக்கு கற்குடல் அரைக்க ஏதாவது வேணும், ரொம்ப நைசா இருந்தா அலகுல ஒட்டும், தண்ணித் தொட்டியும் நாறும். பன்னிக்கும் மாவு மாதிரி நைசாக்காதீங்க, இரைப்பையில புண்ணு வரும். 3 மில்லி போட்டும் பெருந்துண்டு வந்தா சல்லடையில ஓட்டை கிழிஞ்சிருக்கும், இல்லேன்னா சுத்தியல் முனை உருண்டு மழுங்கியிருக்கும். சுத்தியலைத் திருப்பிப் போட்டா நாலு முனையும் பயன்படும், பலபேர் ஒரு முனையிலயே வருஷக்கணக்கா ஓட்டறாங்க. ரெண்டு அரைவை தனித்தனியா வேணும்னா மில்லுல முன்கூட்டியே சொல்லிடுங்க, சல்லடை மாத்த கால் மணி நேரம்தான்.

தவிடு எங்கே வாங்கறீங்க? நம்ம பாலக்காட்டுப் பக்கம் மட்டை அரிசி புழுங்கல் மில்லுத் தவிடுன்னா நல்லது. நெல்லை அவிக்கும்போதே கொழுப்பைக் கெடுக்கிற என்சைம் அடங்கிடும், தவிடு சீக்கிரம் காறாது. பச்சரிசித் தவிடுன்னா நாலஞ்சு நாள்லயே எண்ணெய் காறல் எடுக்க ஆரம்பிக்கும், மிருகம் தொட்டியில மிச்சம் வைக்கும். உமி கலப்படத்துக்கு ஒரு பிடி தவிட்டை டம்ளர் தண்ணியில போட்டுக் கலக்குங்க. மேல மிதக்கிற முள்ளு முள்ளான உமியும், அடியில நறநறன்னு படியற மண்ணும் கண்ணுலயே தெரியும்.

கொழிஞ்சாம்பாறை பண்ணை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. டாக்டர் சார், காது உள்பக்கம் சுத்தமாத்தான் இருக்கு, ரெண்டு காலும் ஒரே மாதிரி. சுரண்டி எடுத்துட்டு நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறோம். டிரம்ல ஹோட்டல் சோறு வாரத்துல மூணு நாள் சேருது, கோழிக் கழிவு இல்ல.

தீவனக் கணக்கு அண்ணா, என்சைம் பாக்கெட்டுல பத்து என்சைம் பேர் போட்டிருக்கு. ஃபைட்டேஸுக்கு கிராமுக்கு 250 யூனிட்னு இருக்கு, டன்னுக்கு 500 கிராம். இது போதுமா? அப்புறம் துத்தநாகம் 28 கிராம் மாதிரி சின்ன அளவெல்லாம் 100 கிலோவுல எப்படிச் சமமாக் கலக்கறது? மிக்ஸர் இல்ல, மம்பட்டிதான்.

தீவனக் கணக்கு:

போதாது. 250 யூனிட்டை 500 கிராமால பெருக்கினா ஒரு லட்சத்து இருபத்தஞ்சாயிரம், டன்னுக்கு வகுத்தா கிலோவுக்கு 125 யூனிட். வேண்டியது 500. கிராமுக்கு 5000 யூனிட் உள்ள தனி ஃபைட்டேஸ் வாங்குங்க, டன்னுக்கு 100 கிராம், உங்க 100 கிலோவுக்கு 10 கிராம். அது உயிரோட இருந்தா செரிக்கக்கூடிய பாஸ்பரஸ் சுமார் 0.1 சதவீதம் விடுவிக்கும், அரைக் கிலோ டிசிபிக்குச் சமம்னு வெச்சுக்கலாம். அதுக்காக உடனே டிசிபியைக் குறைக்காதீங்க. கால் சரியாகி, கலவை ஒழுங்கா ஒரு மாசம் ஓடினதும் பன்னிக்கு 300 கிராமாக் குறைச்சுப் பாருங்க. கோழிக்கு அரைக் கிலோ அப்படியே இருக்கட்டும்.

மத்த என்சைம்ல உங்களுக்குப் பொருந்தறது மானனேஸ் ஒண்ணுதான். தேங்காய்ப் புண்ணாக்கு நார்ல மானன் நிறைய, அதை உடைக்க அது வேணும். புண்ணாக்கு 12 கிலோ வரை போறதால ஒரு தடவை முயற்சி பண்ணலாம், 5 கிலோன்னா வேண்டாம்னே சொல்லியிருப்பேன். சைலனேஸ் கோதுமை, கோதுமைத் தவிடு போடற ஊருக்கு நல்ல மருந்து, உங்க சோளக் கலவையில அது பிடிச்சுக் கடிக்க அதிகம் இல்ல. அமைலேஸ், புரோட்டியேஸ்னு மிச்சப் பேரு எல்லாம் யூனிட் போடாம இருந்தா வெறும் பேருன்னே எடுத்துக்குங்க.

கலக்கறதுக்கு முதல்ல ஒரு கிராம் வரைக்கும் காட்டற தராசு வேணும், கைப்பிடிக் கணக்கை விட்டுடுங்க. சலிச்ச தவிடு ஒரு கிலோவை பேசின்ல போட்டு துத்தநாகம், லைசின் ரெண்டையும் பிசறுங்க. இன்னொரு கிலோவுல ஃபைட்டேஸைத் தனியாப் பிசறுங்க. ரெண்டையும் சேர்த்து 5 கிலோ ஆக்குங்க, அப்புறம் 20 கிலோ, அதுக்கப்புறம்தான் குவியல்மேல பரப்பணும். குவியலை முழுசா இடம் மாத்தி மூணு தடவை புரட்டுங்க, அதே இடத்துல கிளறினா அடி அப்படியே கிடக்கும். ஃபைட்டேஸை உலோக உப்பு, கோலின் குளோரைடு இதுங்களோட ஒரே டப்பாவுல வைக்காதீங்க. கோலின் ஈரத்தை இழுக்கும், இங்கத்த மழைக்கு ஒரு மாசத்துல என்சைம் கட்டி பிடிச்சுப் பாழாயிடும்.

கொதிக்க வைக்கிறதை இந்தத் தீவனத்துக்கு நிறுத்திடுங்க. விறகு மிச்சம். மரவள்ளி மட்டும் சரியாக் காயலைன்னு தோணினா அதைத் திறந்த பாத்திரத்துல தனியா வேக வைங்க. தீவனத்தைச் சாதாரணத் தண்ணியில ஒண்ணு ரெண்டு மணி நேரம் ஊற வெச்சா ஃபைட்டேஸ் அங்கேயே வேலையைத் தொடங்கும். ராத்திரி முழுக்க ஊறப் போடாதீங்க. புளிக்க ஆரம்பிச்சா பாக்டீரியா முதல்ல தின்னறது நீங்க காசு போட்டு வாங்கின லைசினைத்தான்.

சித்தூர் தாலுகா கால்நடை மருத்துவர்:

ஹோட்டல் சோற்றை மட்டும் கொதிக்க வைப்பதை நிறுத்தவே கூடாது. 2022 ஜூலையில் வயநாட்டில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்தது நினைவிருக்கும். அதற்குத் தடுப்பூசி இங்கே இல்லை, பண்ணையோடு போகும். மிச்ச உணவில் பன்றி இறைச்சித் துண்டு ஒன்று போதும். டிரம் முழுக்கத் தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு மணி நேரம், இடையிடையே அடிவரை கிளறி. மேலே கொதித்து நடுவில் சோற்றுக் கட்டி குளிர்ந்தே கிடப்பதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. பச்சை உணவு தொட்ட வாளி, கரண்டி வெந்ததற்குத் திரும்பி வரக் கூடாது. முடிந்தால் ஹோட்டல் சோற்றையே விட்டுவிடுங்கள்.

அதைக் கொடுக்கும் நாட்களில் தீவன உப்பை 400 கிராமிலிருந்து 200-க்குக் குறையுங்கள், குழம்பிலும் ஊறுகாயிலும் ஏற்கெனவே உப்பு இருக்கிறது. நிப்பிளில் தண்ணீர் நிற்காமல் வருகிறதா என்று அன்று கட்டாயம் பாருங்கள். உப்பு ஏறி தண்ணீர் நின்றால் பன்றிக்கு வலிப்பு வரும்.

புதுக் கலவை போட்ட பத்தாம் நாள் அரை கிலோ மாதிரி எடுத்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். கால்சியம், பாஸ்பரஸ், புரதம், அமிலத்தில் கரையாத சாம்பல், அஃப்ளாடாக்சின், இந்த ஐந்தும் கேளுங்கள். பன்றித் தீவனம் ஒரு பை, கோழித் தீவனம் ஒரு பை, பையின் மேலேயே எது எது என்று எழுதி. குவியலின் மேல், நடு, அடி என்று பத்து இடத்தில் கை விட்டு எடுத்துக் கலந்ததாக இருக்கட்டும்.

கொழிஞ்சாம்பாறை பண்ணை:

சரிங்க டாக்டர். மானனேஸ் பயன் தருதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

தீவனக் கணக்கு:

ஒரே எடையில எட்டு எட்டா ரெண்டு கொட்டாய் பிரிங்க. கலவை ஒண்ணேதான், ஒண்ணுக்கு மட்டும் மானனேஸ். தொடங்கும்போது ஒவ்வொண்ணையும் நிறுத்து எழுதுங்க, தினம் கொட்டின தீவனமும் தொட்டியில மிஞ்சினதும் கொட்டாய் வாரியா எழுதுங்க. 28 நாள் கழிச்சு அதே நேரத்துல, தீவனம் வைக்கிறதுக்கு முன்னாடி மறுபடி நிறுங்க. தின்னதை ஏறின எடையால வகுத்தா ஒரு கிலோவுக்கு எவ்வளவு தீவனம்னு வரும். ரெண்டு கொட்டாய்க்கும் உள்ள வித்தியாசத்தைத் தீவன விலையால பெருக்குங்க, என்சைம் செலவைவிடக் கூட வந்தா வெச்சுக்குங்க. ஆனா தோல் வெடிச்சதையும் நொண்டறதையும் இந்தக் கணக்குல சேர்க்காதீங்க, அதுங்க குணமாகிற வேகத்தை மருந்தோட பலன்னு நினைச்சுடுவீங்க.